பள்ளிப் பிள்ளைகளின் மனநல ஆய்வு: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் உளவியல் ஆய்வாளர். பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனநலம்தான் என் வேலை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், படிவம் கொடுத்து, பிள்ளைகளோடு பேசி, வந்ததை எண்ணிப் பார்ப்பது. போகிற இடமெல்லாம் பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலைத் தந்திருக்கிறேன்.

நீங்க டாக்டரா மேடம்? என் பையனுக்கு மாத்திரை எழுதித் தருவீங்களா?

இல்லை. மருந்து எழுதுவது மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநல மருத்துவம் படித்தவர். பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது ரகம் நான். ஆயிரம் பிள்ளைகளிடம் என்ன நடக்கிறது, எது உதவுகிறது என்று பார்ப்பவள். உங்கள் ஒரு பிள்ளைக்கு என்ன என்று சொல்வது என் வேலை இல்லை.

உதவி வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

வளரிளம் பருவம்னு சொல்றீங்களே, அது எந்த வயசு? அந்த வயசுல ஏன் இவ்வளவு அக்கறை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 10 முதல் 19 வயது வரை. படிப்பும் கல்யாணமும் தள்ளிப்போகிற காலத்தில் 24 வரை நீட்டலாம் என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு.

அக்கறைக்குக் காரணம், மனநோய்களின் தொடக்கம். 192 ஆய்வுகளில் வந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2022-இல் ஒரு கட்டுரை வெளியானது. மனநலப் பிரச்சினை வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு 14 வயதுக்குள்ளும், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு 18 வயதுக்குள்ளும் அது தொடங்கியிருந்தது. இந்தியாவில் 2015-16-இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் சுமார் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை தெரிந்தது. கணக்கெடுத்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நாற்பது பேர் உட்காரும் வகுப்பென்றால் இரண்டு மூன்று பிள்ளைகள்.

எப்பப் பார்த்தாலும் சிடுசிடுன்னு விழறான், கதவைச் சாத்திக்கிறான். வயசுக்கோளாறா, வேற ஏதாவதா?

கதவைச் சாத்துவதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த வயதில் தனக்கென்று ஓர் இடம் தேடுவது இயல்பு. எரிந்து விழுபவன் நண்பன் வந்ததும் சிரித்துப் பேசுகிறானா, கிரிக்கெட் ஆடப் போகிறானா, பசித்தால் சாப்பிடுகிறானா? அப்படியென்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை.

நாங்கள் கவனிப்பது மூன்றை. முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறானா. அந்த மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நிற்கிறதா. தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு என்று அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறதா. பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகம் தெரியும். பிள்ளைகளிடம் அது எரிச்சலாகவும் வெளிப்படும் என்பதால் பல வீடுகளில் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: தலைவலி, வயிற்றுவலி. ஸ்கேன் எல்லாம் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கிறதென்றால், “பொய் சொல்லாதே” என்பதற்கு முன் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். வலி உண்மையாகவே இருக்கலாம்.

சாகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆளைத் தேடுங்கள்.

நோய் எதுவும் இல்லன்னா மனநலம் நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?

அப்படியில்லை. கோரி கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவை இரண்டும் தனித்தனி அளவுகோல் என்று காட்டினார். நோய் எதுவும் இல்லாமலே வாழ்க்கையில் பிடிப்பில்லாமல் இருக்கலாம். நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே நிறைவாகவும் வாழலாம். அதனால்தான் எங்கள் படிவங்களில் சோகத்தை மட்டும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவம் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சியாக இருந்தாயா, தூங்கி எழும்போது தெம்பாக இருந்ததா என்கிற மாதிரிதான் கேட்கும். நோயைப் பற்றி ஒரு சொல் வராது.

ஒரு படிவத்துல டிக் அடிக்கிறதை வெச்சு என் பொண்ணு மனசுல இருக்கிறதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

உங்கள் பெண்ணின் மனதில் இருப்பதை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பள்ளியின் நிலவரத்தைக் கண்டுபிடிக்க முடியும். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் படிவம் எஸ்.டி.க்யூ. பிரிட்டனின் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டது, தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, முழுக்க உண்மை என்று மூன்று கட்டம். மனக்கவலை, நடத்தை, துறுதுறுப்பு, நண்பர்களோடு சிக்கல், பிறருக்கு உதவும் குணம் என ஐந்து பகுதிகள். 11 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தாங்களே நிரப்பலாம்.

வகுப்பில் கொடுத்ததும் முதலில் வரும் கேள்வி, “மிஸ், ரைட் ஆன்சர் எது?” பரீட்சை எழுதியே பழகிய பிள்ளைகள். முன் பெஞ்சில் ஒருத்தி ஸ்கேலையும் பவுச்சையும் வைத்து மறைத்துக்கொண்டு எழுதுவாள். கடைசி பெஞ்சில் ஒருவன் இருபத்தைந்துக்கும் நடுக்கட்டத்தில் டிக் அடித்துவிட்டு இரண்டே நிமிடத்தில் பேனாவை மூடுவான். அவன் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஏனென்றால் வாக்கியங்களில் சில நல்லதாகவும் சில கெட்டதாகவும் கலந்துதான் வரும். ஆசிரியர் வகுப்பில் நின்றால் பதில் மாறுகிறது என்பதால் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்வோம். சிலருக்கு இதில் வருத்தம். புரிகிறது, ஆனாலும் வெளியேதான்.

மதிப்பெண் அதிகமாக வந்தால் நோய் என்று அர்த்தமில்லை. உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டிய பிள்ளை என்று மட்டும்தான் அர்த்தம்.

அவ எழுதினதை ஹெட்மாஸ்டர் பார்ப்பாரா? எனக்காவது காட்டுவீங்களா?

ஹெட்மாஸ்டருக்குக் காட்ட மாட்டோம். படிவத்தில் பெயருக்குப் பதில் ஓர் எண்தான் இருக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறு இடத்தில் பூட்டியிருக்கும். பள்ளிக்குப் போவது ஒட்டுமொத்தக் கணக்குதான்.

உங்களுக்கும் காட்ட மாட்டோம். இதில்தான் நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையை ஆய்வில் சேர்ப்போம் என்பது சரி. ஆனால் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள்படி, 12 வயது தாண்டிய பிள்ளையும் தன் பங்குக்கு எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நீங்கள் சரி என்று சொல்லியும் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அம்மா பார்ப்பாள் என்று தெரிந்தால் யார் உண்மையை எழுதுவார்கள்?

ரகசியத்துக்கும் எல்லை உண்டு, அதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவோம். உயிருக்கு ஆபத்து தெரிந்தால் அவளுக்குச் சொல்லிவிட்டு உங்களிடமும் பேசுவோம். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பதுதான் குற்றம்.

தற்கொலையைப் பத்திக் கேட்டா, இல்லாத எண்ணத்தை நீங்களே விதைச்ச மாதிரி ஆகாதா?

நியாயமான பயம். இதையே சோதித்துப் பார்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவிடம் மட்டும் முதல் நாள் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து இரு குழுவிடமும் கேட்டபோது, முன்பே கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைகளிடம் அந்த எண்ணமோ மனவேதனையோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்விலோ, முன்பு முயற்சி செய்தோ இருந்த பிள்ளைகளுக்கு வேதனை குறைந்ததற்கான அறிகுறியும் இருந்தது. மேடலின் கோல்ட் குழுவினரின் இந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம் என்றில்லை. “அந்த மாதிரிப் பைத்தியக்கார எண்ணமெல்லாம் உனக்கில்லையே?” என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். நேராக, பதறாமல், பதிலைக் கேட்க நேரம் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

ஒருவேளை முயற்சி பண்ணிட்டா போலீஸ் கேஸ் ஆகிடுமேன்னு ஆஸ்பத்திரிக்கே போகாம இருந்துடறாங்களே?

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எல்லாத்துக்கும் அந்த ஃபோன்தான் காரணம். அதைப் பிடுங்கிட்டா சரியாயிடும் இல்லையா?

பெற்றோர் கூட்டத்தில் எப்போதும் கைதட்டல் வாங்கும் கேள்வி இது. ஏமாற்றமான பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் அமெரிக்க, பிரிட்டன் பிள்ளைகள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசி 2019-இல் எழுதினார்கள். பிள்ளைகளுக்குள் மனநிறைவில் இருக்கும் வித்தியாசத்தில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் திரைப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு இருந்தது. கண்ணாடி அணிவதற்கு அதைவிட அதிகம்.

அப்போ ஃபோன் ஒன்றுமே செய்யாது என்று பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது சராசரி. ஒரு பிள்ளைக்கு நல்லது செய்வதும் இன்னொரு பிள்ளையைக் கெடுப்பதும் கூட்டிக் கழித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆர்பெனே தன் குழுவோடு 2022-இல் பிரிட்டன் பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார். சமூக வலைத்தளத்தில் அதிக நேரம் இருந்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்து வாழ்க்கைத் திருப்தி குறைவது சில வயதுகளில் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: பெண்களுக்கு 11 முதல் 13, ஆண்களுக்கு 14, 15, பிறகு இருவருக்கும் 19. அதனால், ஒன்பதாவது படிக்கும் அண்ணனுக்கு ஒரு சட்டம், ஏழாவது படிக்கும் தங்கைக்கும் அதே சட்டம் என்று போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் சண்டை ஓயவில்லை. ஆஸ்திரேலியா காத்திருக்கவில்லை, 16 வயதுக்குக் கீழே சமூக வலைத்தளக் கணக்கு கூடாது என்ற சட்டத்தை 2025 டிசம்பரில் நடைமுறைப்படுத்திவிட்டது. வீட்டில் பிடுங்குவதைப் பற்றிக் கேட்டால், பகலில் எத்தனை மணி நேரம் என்று எண்ணுவதைவிட ராத்திரி ஃபோன் எந்த அறையில் தூங்குகிறது என்று பாருங்கள் என்பேன். உங்கள் ஃபோனும் சேர்த்துத்தான்.

ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் முழிச்சிருந்துட்டு காலையில எழுப்பினா எழுந்திருக்கிறதே இல்லை. சோம்பேறித்தனம்தானே?

பாதி உடம்பின் வேலை. பருவமடையும் வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கியவனுக்குப் பதினைந்தில் பதினொன்றானாலும் தூக்கம் வராது. தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2014-இலேயே பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்றது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதுவே 2022 முதல் சட்டம். நம் ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைக்கு விடியற்காலையிலேயே டியூஷன், அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ். மிச்சப் பாதி ஃபோன் என்றே வைத்துக்கொள்வோம். விடியற்காலை டியூஷனுக்கு யார் பொறுப்பு?

எங்க ஸ்கூல்ல வாரா வாரம் தியான வகுப்பு நடக்குது. அது போதாதா?

நடக்கட்டும், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் மிரியட் என்ற பெரிய சோதனை நடந்தது. 85 பள்ளிகள், 11 முதல் 14 வயது வரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பாதிப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மனக்கவன (மைண்ட்ஃபுல்னெஸ்) வகுப்புகள், அதாவது தியானம் போன்ற பயிற்சி, நடத்தினார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கமான பாடம். 2022-இல் முடிவு வந்தது: பிள்ளைகளின் மனச்சோர்விலோ நலனிலோ வித்தியாசம் இல்லை. பெரும்பாலானவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஏற்கெனவே சிரமத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அது சற்றுப் பாதகமாகவும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். தானாக விரும்பிக் கற்கும் பிள்ளைக்குத் தியானம் உதவலாம். வகுப்பு முழுவதற்கும் கண்ணை மூடச் சொல்வது வேறு விஷயம்.

அப்போ எதுதான் வேலை செய்யுது? சொல்லுங்க.

எனக்குப் பிடித்த உதாரணம் பீகாரில் இருக்கிறது. நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில், விக்ரம் பட்டேல், சச்சின் ஷிண்டே குழுவினர் செஹர் என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். சில பள்ளிகளுக்குத் தனியாக ஓர் ஆலோசகரை அனுப்பினார்கள். உளவியல் பட்டம் வாங்கியவர் அல்ல. உள்ளூர் ஆள், பயிற்சி கொடுத்தார்கள். அவர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசினார், பிள்ளைகளைக் கொண்டு சுவர்ப் பத்திரிகை நடத்தினார், குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார், வேண்டியவர்களோடு தனியே உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் பள்ளியின் சூழலே மாறியது. மனச்சோர்வு, கேலி, அடிதடி எல்லாம் குறைந்தன. அடுத்த வருடம் பலன் இன்னும் கூடியிருந்தது.

ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் இன்னொரு சோதனை. அதில் யாம் என்ற திட்டம், நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம். பிள்ளைகளே தங்கள் சிக்கல்களை நடித்துக் காட்டிப் பேசினார்கள். ஒரு வருடம் கழித்து, புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் மற்றப் பள்ளிகளில் 1.51 சதவீதம், யாம் நடந்த பள்ளிகளில் 0.70 சதவீதம். 2015-இல் வெளியான முடிவு இது. இரண்டிலும் யாரும் பிள்ளைக்கு உபதேசம் செய்யவில்லை. பிள்ளை பேசினாள், கேட்க ஆள் இருந்தது.

அதையே எங்க டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்யலாமே? தனி ஆள் எதுக்கு?

செஹரிலேயே இதையும் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளில் அதே திட்டத்தை ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. ஐரோப்பியச் சோதனையிலும், ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிரிவில் குறிப்பிடும்படியான பலன் இல்லை.

ஆசிரியர்கள் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. பாடத்தை முடிக்க வேண்டும், மாணவர் விவரங்களை எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும், தேர்தல் வேலைக்குப் போக வேண்டும். இதற்கு நடுவில் இதையும் பார் என்றால் எப்படிப் பார்ப்பார்? தவிர, மார்க் போடுகிறவரிடமே பிள்ளை மனதைத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். நேரமும் இருக்க வேண்டும், மார்க் போடும் அதிகாரமும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. மெய்யாகவே பிள்ளைகள் ஓடிப்போய்ப் பேசும் ஆசிரியர்கள் சில பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் நான்கு பீரியட் குறைத்துக் கொடுத்தாலே நல்லது.

பரீட்சை பயத்துக்கும் ஆலோசகர்தானா? பரீட்சையை மாத்த முடியாதா?

மாற்ற முடியும், தமிழ்நாட்டிலேயே மாற்றியிருக்கிறார்கள். 2017 முதல் பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதில்லை. தோற்றவர்கள் ஒரு வருடம் வீணாக்காமல் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம். இதற்கெல்லாம் எந்தப் பிள்ளையும் ஆலோசகர் முன் உட்காரத் தேவையிருக்கவில்லை. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பின் தன்னார்வலர்கள் இன்றும் மனமுடைந்தவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். அரசு செய்வதும் வேண்டும், இதுவும் வேண்டும். ரேங்க் பட்டியலை அரசு நிறுத்திய பிறகும் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பது நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்து, அமெரிக்கா ஆய்வை எல்லாம் சொல்றீங்க. நம்ம பிள்ளைங்களுக்கு அது பொருந்துமா?

சில பொருந்தும், சில பொருந்தாது. மெலட்டோனினுக்குப் பாஸ்போர்ட் இல்லை. ஆனால் ஃபோன் விஷயத்தில் சொந்தமாக ஃபோன் வைத்திருக்கும் பிரிட்டன் பிள்ளையின் கணக்கை, அப்பா ஃபோனை அரை மணி நேரம் கடன் வாங்கும் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது. உலகின் வளரிளம் பருவத்தினரில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில் வாழ்கிறார்கள். ஆய்வுகளோ பணக்கார நாடுகளில் குவிந்து கிடக்கின்றன. செஹர் மாதிரியான வேலை இங்கே இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

பாதிப் பள்ளிக்கு ஆலோசகரைக் கொடுத்துட்டு, மீதிப் பள்ளியைச் சும்மா விட்டுடறீங்களே. அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஒன்றை முடிவு செய்துவிட்டார்கள்: புதிய திட்டம் கட்டாயம் நல்லது செய்யும் என்று. மிரியட் கதையை மேலே சொன்னேன். ஆஸ்திரேலியாவிலும், பதின்ம வயதினருக்கு உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுக்கொடுத்த ஒரு வகுப்புத் திட்டம் பிள்ளைகளைச் சற்று மோசமாக்கியதாக முடிவு வந்தது. ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் அது தெரிந்தே இருக்காது.

சும்மா விடுவதும் இல்லை. அந்தப் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது நடக்கும். ஆபத்தில் இருக்கும் பிள்ளை தெரிந்தால் எந்தக் குழுவாக இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்புவோம். பலன் உறுதியானால் அவர்களுக்கும் அதே திட்டத்தைக் கொடுப்போம். இந்த மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு அனுமதிக்கவே கூடாது. கேட்டுப் பாருங்கள், காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில பலனில்லைன்னு முடிவு வந்தா, செலவழிச்ச காசெல்லாம் தண்டம்தானே? அப்படி வந்தா வெளியில சொல்லுவீங்களா?

தண்டமில்லை. பலனில்லாததை ஆயிரம் பள்ளிகளுக்குக் கொண்டுபோகும் செலவு மிச்சம். மறைக்கும் சபலம் ஆய்வாளருக்கு வரும், அதை மறுக்கவில்லை. அதனால்தான் மருத்துவச் சோதனைகளை, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மனநலத் திட்டங்களைச் சோதிப்பவர்களும் அதில் பதிகிறார்கள். என்ன அளக்கப்போகிறோம், எத்தனை பேரிடம், எத்தனை மாதம் கழித்து என்று எல்லாம் அதில் இருக்கும். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பள்ளிக்கு இப்படி ஒரு சோதனையோடு யாராவது வந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.